கப்பல் பலகைக் கதவு

பிற்பகல் மூன்று பத்துக்கு மகளின் தொலைபேசியிலிருந்து ஒரு படம் வந்தது. ஒரு கதவின் உட்புறம். பச்சைப் பெயின்ற் உரிந்த இடத்தில், தலைகீழாக, வெள்ளையில் 47. கீழே எழுதியிருந்தாள்: "அப்பா, இதுவா?"

எங்கள் கதவுதான். துறைமுகத்தில் வேலை செய்த என் அப்பா, கழித்துவிட்ட கப்பல் பலகைகளைக் கொண்டுவந்து செய்தது. பலகையிலிருந்த இலக்கம் தலைகீழாக நிற்பதை, மாட்டிய பிறகுதான் கண்டார். யுத்த நாட்களில் ஆமி அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போன கிழமையே நாங்கள் ஊரைவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது அண்ணாவும் இல்லை, கதவும் இல்லை.

"கதவு ஆரின்ர வீட்டில இருக்கோ, அவன்தான் அண்ணாவைக் காட்டிக் குடுத்தவன்" என்று சாப்பாட்டு மேசையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஆதாரம் எதுவும் என்னிடம் இருந்ததில்லை. மகள் அதைக் கேட்டே வளர்ந்தாள். இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம், இரசாயனவியல் வகுப்புக்கு இன்று முதன்முதலாகப் போன இடத்தில், முஸ்லிம் ஆசிரியை ஒருவரின் வீட்டில், அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தாள்.

"ஓம். ஒண்டும் கேக்காத. உடன வெளிய வா" என்று எழுதினேன். செய்தி போய்ச் சேரவில்லை. அழைத்தேன். தொலைபேசி அணைந்திருந்தது.

மனைவி குசினியிலிருந்து வந்து படத்தைப் பார்த்தாள்.

"வீடு உனக்குத் தெரியும்தானே? வா, போவம்" என்றேன்.

"இந்த முகத்தோடயா? நீங்கள் போனா சண்டைதான். அவள் அஞ்சு மணி பஸ்ஸில வருவாள்."

"அதுக்குள்ள கேட்டிட்டாளெண்டா?"

"நீங்கள் படிப்பிச்சதைத்தானே கேப்பாள்."

மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஐந்து மணி பஸ் வந்தது, மகள் வரவில்லை. ஐந்தரை பஸ்ஸிலும் இல்லை. அதற்குப் பிறகு மனைவி தானே சாவியை நீட்டினாள்.

நான் வேலிப் படலையைத் திறக்கும்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. மகள் இறங்கினாள். அழுதிருந்தாள். பின்னால் ஆசிரியை. என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். அந்த நாட்களில் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார். கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை.

"புள்ள என்னட்டக் கேட்டிட்டா" என்றார். "ஒங்கட அண்ணாவை ஆர் காட்டிக் குடுத்த எண்டு எனக்குத் தெரியாது. அந்தக் கதவ வாப்பா காசுக்கு வாங்கினாரா, கழட்டிக் கொண்டு வந்தாரா, அதுவும் தெரியாது. அவர் மவுத்தாகிக் கண்ண மூடுற வரைக்கும் நான் கேக்கல்ல. பயம்."

கையிலிருந்த சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"நாளைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வாங்க, நானே கழட்டித் தாறன். இண்டைக்கு ராவைக்கு மட்டும் விடுங்க. எங்கட வாசலுக்கு வேற கதவில்ல."