திராமனில் எறிந்த பந்து

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, அப்பாவும் சித்தப்பாவும் ஒரு விளையாட்டைப் பற்றிக் கோடைகாலம் முழுவதும் வாக்குவாதப்பட்டார்கள். இருவரில் ஒருவருக்குக்கூட அந்த விளையாட்டை விளையாடத் தெரியாது என்பது அவர்களுக்கு ஒரு தடையாகவே இருக்கவில்லை.

விளையாட்டு அமெரிக்கக் கால்பந்து. சித்தப்பா, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த ஹவுகெட்டோவில், பார்னஹாகெ எனப்படும் பாலர் பள்ளி ஒன்றில் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். கூட வேலை செய்த ஒருவர் மூலம் தொலைக்காட்சியில் இந்த ஆட்டத்தைப் பார்க்கப் பழகியவர், பார்த்ததோடு நிற்காமல் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு அணியும் தொடங்கிவிட்டார். ஆளை ஆள் இடித்து விழுத்துகிற ஆட்டமில்லை. அதற்கு அம்மாக்கள் விட்டிருக்க மாட்டார்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் துணிப்பட்டி தொங்கும். பந்தோடு ஓடுகிறவரின் பட்டியை இழுத்தெடுத்துவிட்டால் ஓட்டம் அதோடு முடிந்தது. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். ஒருவர் எறிய, மற்ற நால்வரில் ஒருவர் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டினால் புள்ளி.

"காலாலை தொடாத விளையாட்டுக்கு என்னத்துக்குக் கால்பந்தெண்டு பேர்?" என்று அப்பா முதல் நாளே கேட்டார்.

எறிகிறவள் நான். பிடிக்கிறவள் மச்சாள். அப்பாவின் தங்கையான எங்கள் மாமியின் மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஒரு தலை உயரமானவள், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி இருந்தவள். அவள் நேராக ஓடி, சட்டென்று வலது மூலைக்குத் திரும்பி, இடது கையை உயர்த்துவாள். நான் அந்த மூலைக்கு எறிவேன். இரண்டு வருடமாக எங்கள் அணியின் முழுத் திட்டமும் அவ்வளவுதான். மற்ற மூவரும் மரியாதைக்காக ஓடினார்கள். அவர்களில் ஒருவன் சென்னையிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். அவனுடைய அப்பா கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்தார். அவன் ஒவ்வொரு முறையும், "இங்க போடு, இங்க போடு!" என்று கத்திக்கொண்டே ஓடுவான். நான் ஒருநாளும் அங்கே போட்டதில்லை.

ஜூன் மாதத்தில் மாமிக்குத் திராமனில் நிரந்தர வேலை கிடைத்தது. வீட்டை மாற்றிக்கொண்டு போனார்கள். ரயிலில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடக்கூடிய இடம்தான். ஆனால் மச்சாள் என்னை விட்டுவிட்டுப் போக வேண்டுமென்றே இந்த வேலையை மாமிக்கு எடுத்துக் கொடுத்தவள் போல நான் அவள்மேல் கோபமாக இருந்தேன். சாமான் ஏற்றுகிற அன்று எல்லோரும் பெட்டி தூக்கப் போனார்கள். நான் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன்.

மச்சாளின் இடத்துக்குச் சித்தப்பா இன்னொரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அப்பாவின் வாதம் சூடுபிடித்தது. பிடிப்பதற்கென்றே பிறந்த ஒரு ஆள் இல்லாவிட்டால் அணியைக் கலைத்துவிடலாம் என்பது அவருடைய கட்சி.

"நெருக்கடி வரேக்கை யோசியாமல் எறிய ஒரு ஆள் வேணும். அந்த ஆளைத் தேடிப் பிடி."

"அண்ணை, ஒரு ஆளிட்டைத்தான் பந்து வருமெண்டால் அந்த ஆளை மறிச்சால் காரியம் முடிஞ்சுது. நாலு பேரும் பிடிப்பினம் எண்டால் அவங்கள் ஆரை மறிக்கிறது?" என்றார் சித்தப்பா.

அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் சாப்பாட்டை வைத்துவிட்டு, முதலில் இதைப் பிடியுங்கள் என்றார்.

சொல்வது சுலபம். பயிற்சியில் நான் மறுபடியும் மறுபடியும் வலது மூலைக்கே எறிந்தேன். அங்கே ஆளில்லை. பந்து புல்லில் விழுந்து, முட்டை வடிவம் என்பதால், கோணல்மாணலாகத் துள்ளி ஓடும். சித்தப்பா ஏசவில்லை. பார்னஹாகெயில் பழகிய பொறுமையோடு என் கண்ணை ஒரு கழுத்துத்துண்டால் கட்டினார். குரல் வருகிற பக்கம் எறி என்றார். மூன்று கிழமை அப்படிப் பழகினோம். சென்னைப் பையன்தான் எல்லோரிலும் பெரிதாகக் கத்தினான் என்பதால் முதல் பந்து அவனுக்கே போனது. கையில் பந்து வந்த ஆச்சரியத்தில் ஓட மறந்து அப்படியே நின்றான். யாரோ அவனுடைய பட்டியை உருவிக்கொண்டு போனார்கள். ஆனால் அடுத்ததற்கு ஓடினான். ஆகஸ்டில் இரண்டு ஆட்டம் வென்றோம். மச்சாளோடு இருந்தபோதுகூட அப்படி அடுத்தடுத்து வென்றதில்லை. சித்தப்பா வீட்டுக்கு வந்து வாதம் செய்வதை நிறுத்திவிட்டுச் சும்மா சிரித்துக்கொண்டு இருந்தார். அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

செப்டெம்பரில் திராமனில் போட்டி. அங்கே அணி ஒன்று இருந்தது. மச்சாள் அதில் சேர்ந்திருந்தாள்.

அன்று காலையிலிருந்தே மழை. பெற்றோர்கள் டுக்நாட் என்கிற சம்பளமில்லாப் பொதுவேலைக்கு வந்து கூடாரத்துக்குள் வாஃபல் சுட்டார்கள். அதற்குப் பக்கத்தில் அம்மாவும் மாமியும் ரோல்ஸ் அடுக்கி வைத்து மாறி மாறிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மச்சாள் சிவப்புச் சட்டையில் மைதானத்தின் மறுபக்கம் நின்று எனக்குக் கை காட்டினாள். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

அவர்களுடைய அணியில் சுருள்முடியோடு ஒரு பையன் இருந்தான். பந்தெல்லாம் அவனுக்கே. எறிகிறவன் வேறு பக்கம் பார்ப்பதே இல்லை. அவன் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கோட்டுக்கு வெளியே அப்பா, "பார், பார், இதைத்தான் சொன்னனான்!" என்று எதிரணிக்காகக் குதித்தார். மச்சாள் ஒவ்வொரு முறையும் நேராக ஓடி, வலது மூலைக்குத் திரும்பி, இடது கையை உயர்த்தி, பிறகு நடந்து திரும்பி வந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளுக்கு எறியாதவரை எங்களுக்கு ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டேன்.

கடைசி நிமிடத்தில் இரண்டு அணியும் சமம். பந்து எங்களிடம். ஒரு எறிக்குத்தான் நேரம். இடது பக்கம் சென்னைப் பையன் தனியாக நின்று, "இங்க! இங்க!" என்று அலறினான். யாரும் அவனுக்கு அருகில் இல்லை. அவனுடைய குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

வலது மூலையில், எங்கள் ஆளை மறிப்பதற்காக ஓடிக்கொண்டிருந்த மச்சாள் இடது கையை உயர்த்தினாள்.

நான் முடிவு எதுவும் எடுக்கவில்லை. கை எடுத்தது. அந்தக் கோடைகாலத்திலேயே நான் எறிந்த மிக நல்ல பந்து அதுதான். மழையைக் கிழித்துக்கொண்டு போய் அவளுடைய இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இறங்கியது. அவள் ஒரு கணம் பந்தைப் பார்த்தாள். பிறகு ஓடத் தொடங்கினாள். மைதானம் முழுவதும் ஓடி எங்கள் கோட்டைத் தாண்டினாள். ஒருவராலும் அவளுடைய பட்டியைத் தொட முடியவில்லை.

"அந்தப் பக்கம் ஏன் போட்ட? நான் சும்மாதான நின்னேன்!" என்று சென்னைப் பையன் அழமாட்டாக் குறையாகக் கேட்டான்.

"மழை. கை வழுக்கிப்போட்டுது," என்றேன்.

அப்பா எதையோ நிரூபித்துவிட்ட முகத்தோடு வந்து, என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். சித்தப்பா என்னுடைய ஈரத் தலையில் கையை வைத்து, "நல்ல எறி, பிள்ளை," என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

சிவப்புச் சட்டைகள் மச்சாளைச் சூழ்ந்து தூக்கிக்கொண்டிருந்தன. அவள் அதிலிருந்து நழுவி, பந்தையும் இடுக்கிக்கொண்டு, சேறு தெறிக்க என்னிடம் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. முகம் முழுவதும் சிரிப்பு.

"எனக்குத்தானே எறிஞ்சனீ?" என்று கேட்டாள். "இக்கெ சாந்த்? அப்பிடித்தானே? எனக்குத்தானே?"

பக்கத்தில் சென்னைப் பையன் நின்றான். என் அணி நின்றது.

"இல்லை. வழுக்கிப்போட்டுது."

அவளுடைய முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. "ஓம், சரியான மழைதான்," என்றாள். பந்தை என் கையில் தந்துவிட்டு, ஓடாமல், நடந்து திரும்பிப் போனாள்.

திரும்பி வரும்போது காரின் முன் ஆசனத்தில் வாதம் மறுபடியும் தொடங்கியது. அந்தத் தோல்வி யாருடைய கட்சியை நிரூபித்தது என்று இரண்டு பேராலும் முடிவுசெய்ய முடியவில்லை. நான் பின்னால் இருந்து, மாமி கட்டித் தந்த ரோல்ஸைச் சாப்பிட்டேன். உண்மையை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஒன்று மட்டும் விளங்கவில்லை. வென்றது அவள், எல்லோரும் அவளைத்தான் தூக்கினார்கள், பிறகு ஏன் அவளுடைய முகம் அப்படி வாடிப்போனது? அவள் கேட்டது பந்தைப் பற்றி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டே ஹவுகெட்டோ வரைக்கும் வந்தேன்.