பனிமலையில் வாசல் தெளித்தவள்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, உடம்புக்கு என்ன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. என் சம்பந்திக்குத்தான் இடுப்பில் நல்ல அடி. கீழே தள்ளிவிட்டது நான்.

கையால் இல்லை — அரை வாளித் தண்ணீரால்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் மகள் நித்யாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். மாப்பிள்ளை சுகுமாருக்கு, இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு தடவை பனி பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. டிசம்பர் கடைசியில் இமாச்சலத்தில் ஒரு மலை ஓட்டலில் நான்கு நாள் என்று ஏற்பாடு செய்துவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும், மகளும் மாப்பிள்ளையும், சம்பந்தியும் சம்பந்தியம்மாவும். ஆறு பேர்.

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு எதற்குப் பனி? டிசம்பர் மாதம் எங்கள் உப்பளம் பகுதியில் காலையில் ஜன்னலைத் திறந்தாலே என் வீட்டுக்காரர் காதில் மப்ளர் சுற்றிக்கொள்வார். கடற்கரையில் நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் தலையில் குரங்குக் குல்லாய் இருக்கும். இந்த லட்சணத்தில் இமயமலை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு மறுத்துப் பேச வராது. பேச வாய் வராததால்தான் எழுத வந்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

என் சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். இருபது வருடம் பிரான்சில் இருந்துவிட்டு வந்து லாஸ்பேட்டையில் வீடு கட்டிக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் பனி என்ற ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் கிடையாது.

விமான நிலையத்திலேயே வகுப்பு ஆரம்பித்துவிட்டது.

"பனியில நடக்கறதுன்றது ஒரு கலை சம்பந்திம்மா. குதிகால மொதல்ல வெக்கக் கூடாது. முழுப் பாதத்தையும் ஒண்ணா வெக்கணும். இதோ, பாத்துக்குங்க."

பளபளக்கும் தரையில் கைகளை விரித்துக்கொண்டு நடந்து காட்டினார். வரிசையில் நின்றவர்கள் ஏதோ வைத்தியக் கேஸ் என்று நினைத்து வழிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சின்சியராகப் பின்னாலேயே நடந்து பழகினார். எனக்கு அங்கேயே வீட்டுக்குத் திரும்பிவிடலாம் போல இருந்தது.

ஓட்டல் என்றால் மாடி வைத்த கட்டடம் இல்லை. மலைச் சரிவில் வரிசையாக மரக் குடில்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், முன்னால் ஒரு அகலமான கல், இரண்டு படி. சுற்றிலும் வெள்ளை. பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூக்கு இருக்கிறதா இல்லையா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

குடில்களைப் பெருக்கித் துடைக்க ஒரு பெண்மணி வந்தார். பெயர் விமலா. என் வயதுதான் இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. அதனால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போயிற்று. நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை இன்னொன்று கொண்டுவந்து, அதை எப்படிக் காலுக்கடியில் மடித்துவிட வேண்டும் என்று காட்டினார். செல்போனில் தன் இரண்டு பெண்களின் போட்டோவைக் காட்டினார். சின்னவள் நர்சிங் படிக்கிறாள் போலிருக்கிறது, யூனிபாரத்தில் நின்றாள். நான் நித்யாவின் கல்யாண போட்டோவைக் காட்டினேன். இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டோம். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. மார்கழி மாதம்.

இதை மட்டும் கொஞ்சம் என் பக்கம் நின்று யோசியுங்கள். முப்பது வருடமாக மார்கழியில் வாசல் தெளித்துக் கோலம் போடாமல் நான் காப்பி குடித்ததில்லை. எழுந்தால் கை தானாக வாளிக்குப் போய்விடும். மூளைக்கு அதில் வேலையே கிடையாது. எதிரில் ஒரு வாசல் இருக்கிறது, அதற்குப் படிகூட இருக்கிறது. தெளிக்காமல் எப்படி இருப்பது?

குளியலறையில் வெந்நீர் அரை வாளி பிடித்தேன். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய், வாசல் கல்லிலும் படியிலும் தெளித்தேன். பெட்டியில் பச்சரிசி மாவு ஒரு பொட்டலம் இருந்தது. (ஏன் எடுத்துப் போனாய் என்று கேட்காதீர்கள். மார்கழியில் ஊரை விட்டுக் கிளம்புகிற எங்கள் தெருப் பெண்கள் யாருடைய பையையும் திறந்து பாருங்கள்.) நாலு புள்ளி வைத்து ஒரு சின்னச் சிக்குக் கோலம் போட்டேன். கல்லிலிருந்து ஆவி பறந்தது. திருப்தியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெந்நீர்தானே, என்ன ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். எதையுமே நினைக்கவில்லை.

ஏழரை மணிக்கு வெளியே சம்பந்தியின் குரல். "எழுந்தாச்சா? டீ சாப்பிடப் போலாமா…"

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. ஒரு சத்தம்தான் வந்தது.

கதவைத் திறந்தேன். சம்பந்தி படிக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். முழுப் பாதத்தையும் ஒன்றாகத்தான் வைத்திருப்பார், பாவம். வாசல் கல்லில் கண்ணாடி போல ஐஸ். அந்த ஐசுக்குள் என் கோலம்… லேமினேஷன் செய்த மாதிரி. ஒரு புள்ளி கலையவில்லை.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா பண்ணி வெச்சிருக்க?" என்றார், சத்தம் வெளியே வராமல்.

அதற்குள் மாப்பிள்ளை ஓடி வந்து அப்பாவைத் தூக்கிவிட்டார். தூக்கிவிட்ட கையோடு, எங்கள் கால்மிதியை இழுத்துக் கோலத்தின் மேல் போட்டார். அந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"அத்தை, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நான் பாத்துக்கறேன்."

நித்யா என் காதோரம் வந்தாள். "அம்மா, ப்ளீஸ். நீதான்னு மாமாவுக்குத் தெரிஞ்சுதுன்னு வையி, ஊருக்குப் போயி ஆறு மாசம் இதையேதான் பேசுவாரு. நான்தான் கேட்டுக்கிட்டு இருக்கணும்."

வரவேற்பறை சோபாவில் சம்பந்தியைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. இடுப்பில் ஐஸ் ஒத்தடம் வைத்தார்கள். வழுக்கிவிட்டதும் ஐஸ், வைத்தியம் பார்ப்பதும் ஐஸ். அடிபட்டது இடுப்பில் என்றாலும் வலித்தது வேறு இடத்தில் என்று எனக்குத் தெரிந்தது. நேற்று முழுக்க எங்களுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவர் அல்லவா?

"படியில தண்ணி ஊத்துனது யாரு? எனக்கு அது தெரிஞ்சாவணும். இருபது வருஷம் பிரான்சுல இருந்தேன். ஒருநாள் விழுந்ததில்ல." தமிழில் ஒரு தடவை, பிரெஞ்சில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை.

மேனேஜர் டை கட்டிய மனிதர். ஆளனுப்பி விமலாவைக் கூட்டிவரச் சொன்னார்.

விமலா துடைக்கிற வாளியோடு வந்து நின்றார். அதுவே போதுமானதாக இருந்தது. மேனேஜர் அந்த வாளியைக் காட்டிக் காட்டிப் பேசினார். விமலா, இல்லை, இல்லை என்று கையை ஆட்டினார். மேனேஜர் குரலை உயர்த்தினார்.

"என்ன சொல்றாரு?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"தொடைச்ச தண்ணிய அந்தம்மாதான் படியில கொட்டியிருக்காங்கன்றாரு. கெஸ்ட்டுக்கு அடிபட்டுடுச்சில்ல… இன்னியோட நிறுத்திடறாராம்."

"யார?"

"அந்தம்மாவத்தான் அத்தை."

யூனிபாரத்தில் நின்ற அந்தச் சின்னப் பெண்ணின் முகம் வந்து நின்றது. திரும்பி என் வீட்டு மனிதர்களைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த மான் தலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். நித்யா ஷூ லேசை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால், எறும்பு போகிறது என்று காலைத் தள்ளி வைக்கிறவர்கள். ஆனால் குடும்பமாக ஒன்று சேர்ந்துவிட்டால் என்னதான் ஆகிவிடுகிறது? நம் ஆள் தப்பித்தால் போதும், வேறு யார் தலையில் விழுந்தாலும் அது அவர்கள் விதி… அப்படித்தானே?

எழுந்து மாப்பிள்ளையின் காதோரம் போனேன். "மாப்ள, தண்ணி ஊத்துனது நான்தான்னு அவருகிட்ட சொல்லுங்க." இதைச் சொல்லவே எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அந்தக் குளிரில்.

மாப்பிள்ளை அப்பாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேனேஜரிடம் இந்தியில் நீளமாக ஏதோ சொன்னார். மேனேஜர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். என்ன நல்ல மனிதர், உடனே மன்னித்துவிட்டாரே என்று உருகிப்போனேன்.

ஐந்து நிமிடத்தில் எனக்கு இஞ்சி டீ வந்தது.

"என்ன மாப்ள சொன்னீங்க?"

"அத்தைக்கு ரொம்பக் குளிருதுன்னு சொன்னேன்."

பிளஸ் டூ தாண்டாத எனக்கு ஆங்கிலமும் இல்லை, இந்தியும் இல்லை. இருக்கிற தமிழையும் டீயாக மாற்றிவிட்டார்கள். என்ன செய்வது?

அதற்குள் விமலா பேசுவதை நிறுத்தியிருந்தார். இடுப்பில் கட்டியிருந்த ஓட்டல் ஏப்ரனை அவிழ்த்தார். நாலாக மடித்தார். மேனேஜரின் மேஜை மேல் வைத்தார்.

நான் டீயை வைத்துவிட்டு வெளியே போனேன். குடிலுக்குப் போய் மாவுப் பொட்டலத்தை எடுத்து வந்தேன். அத்தனை பேர் பார்க்க, வரவேற்பறையின் நட்டநடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். நாலு புள்ளி வைத்தேன். காலையில் போட்ட அதே கோலத்தை இழுத்தேன். ஒரு கோடு கோணலாகப் போயிற்று. போகட்டும்.

"இந்தா, எழுந்திரு. இன்னா இது" என்றார் என் வீட்டுக்காரர். அதற்குள் அவருக்கு மான் தலை அலுத்துவிட்டது போலும்.

எழுந்தேன். மேனேஜரைக் கையால் 'வாருங்கள்' என்று கூப்பிட்டு எங்கள் வாசலுக்கு அழைத்துப் போனேன். கால்மிதியைத் தூக்கினேன். கோலத்தைக் காட்டினேன். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். வாளியைத் தூக்குவது போலவும், குனிந்து தெளிப்பது போலவும் செய்தேன். மேடை ஏறி ஒரு 'நன்றி' சொல்லச் சொன்னால்கூட ஒளிந்துகொள்கிறவள், அந்தப் பனியில் நாட்டியம் ஆடிக்கொண்டிருந்தேன்.

மேனேஜருக்குப் புரிய இரண்டு தடவை ஆட வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது சம்பந்தி தரையில் இருந்த கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"சம்பந்திம்மா… நீங்களா?"

"நான்தாங்க. மன்னிச்சிடுங்க. அந்தம்மா மேல தப்பில்ல."

"பனியில போயி யாராவது தண்ணி தெளிப்பாங்களா?"

"தெளிப்பாங்க."

சொன்னது நான் இல்லை. சம்பந்தியம்மா. பயணம் கிளம்பியதிலிருந்து அவர் பேசியதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம்.

"பிரான்சுக்குப் போன மொத வருஷம் நான் தெளிச்சேன். நீங்க விழுந்தீங்க. கை பிசகி ஒரு மாசம் கட்டு போட்டுக்கிட்டு இருந்தீங்க. மறந்துபோச்சா?"

"அது கீழ் வீட்டு மதாம் தண்ணி கொட்டுனது."

"நான் கொட்டுனது. அந்தம்மாகூட ரெண்டு வருஷம் நீங்க பேசவே இல்ல. அவங்க எனக்கு மாவு சலிக்கிற சல்லடையெல்லாம் குடுத்தவங்க. நானும் வாயத் தொறக்கல." தரையில் இருந்த கோலத்தைக் கையால் காட்டினார். "இவங்க தொறந்துட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. நித்யா மப்ளரைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். சம்பந்தி ஐஸ் பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி வைத்தார். பிறகு மகனிடம், "எனக்குக் கம்ப்ளெயின்ட் ஒண்ணும் இல்லன்னு சொல்லு. அவங்கள வேலையப் பாக்கச் சொல்லு" என்றார்.

இந்தத் தடவை மாப்பிள்ளை சரியாகத்தான் மொழிபெயர்த்தார். டீ வரவில்லை, அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

விமலா மேஜையிலிருந்து ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டார். கையெடுத்துக் கும்பிடுவார், கண் கலங்குவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேனோ என்னவோ… அவர் என்னை முறைத்துவிட்டுப் போனார். வலித்தது. அப்புறம் யோசித்தேன், நியாயம்தானே? நான் திருதிருவென்று விழித்த அந்த அரை மணி நேரமும் அவர் அல்லவா அங்கே நின்று திட்டு வாங்கினார்? எனக்குக் கூச்ச சுபாவம் என்று இத்தனை வருடமாக உங்களிடமும் பெருமையாக எழுதி வந்திருக்கிறேன். அதில் எத்தனை பங்கு கூச்சம், எத்தனை பங்கு பயம் என்று அன்றைக்குத்தான் கணக்குத் தெரிந்தது. அடுத்தவர் வயிற்றில் அடிக்கிற கூச்சத்துக்கு வேறு பெயர்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். விமலா. கையில் ஒரு தகர டப்பா நிறையக் கல் உப்பு. ஒரு பிடி எடுத்துப் படியில் போட்டார். ஐஸ் நறநறவென்று விரிசல் விட்டு இளகியது. டப்பாவை என் கையில் திணித்தார். கோலம் இழுப்பது போல விரலை ஆட்டிக் காட்டி, இதில் போடு என்றார்.

"உப்பக் கால்ல மிதிக்கலாமா?" என்று ரஜாய்க்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. என் வீட்டுக்காரர்தான்.

கல் உப்பில் சிக்குக் கோலம் வராது. கட்டி கட்டியாக விழுந்து, கோழி கிளறின மாதிரி இருந்தது. விமலா கடைசி வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

ரசிக்க இல்லை… நான் மறுபடி வாளியைத் தொடுகிறேனா என்று பார்க்க.