கெட்டிமேளத்தை நிறுத்திய மணப்பெண்

என் மனைவி காமினி வார இறுதிகளில் பினாங்குக் கல்யாணங்களில் நாதஸ்வரம் வாசிக்கிறாள். மற்ற நாட்களில் மாலையானால் ஆயர் ஈத்தாம் பகுதியிலுள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். மாணவர்களில் பாதிப்பேர் அவளைவிட மூத்தவர்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பக்கிரிசாமி அண்ணனுக்குத்தான் அதிகம் திட்டு விழும். மறுநாள் அவரே முதல் ஆளாக வந்து நிற்பார்.

எங்கள் கல்யாணத்தில் அந்த மாணவர்களே வாசித்தார்கள். நான் தாலியை எடுத்ததும் கெட்டிமேளம் முழங்கியது. வேண்டாத சொல் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே அந்த நேரத்தில் அப்படி வாசிக்கிறார்கள்? அப்போதுதான் முதல் முடிச்சைப் போட்டிருப்பேன். குனிந்திருந்த காமினி சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"பக்கிரி அண்ணே, சுருதி இறங்குது! உதட்டை இறுக்குங்க லா!"

தாலி கட்டுவது நான். அவள் கவனமெல்லாம் அவர் உதட்டில். வகுப்புப் பழக்கத்தில் எல்லாரும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள், தவில்காரர் உட்பட. மண்டபமே அமைதியாகிவிட்டது. ஐயர் என்னைப் பார்த்தார்.

"நிறுத்தச் சொல்லல அண்ணே, ஊதுங்க!"

ஊதினார்கள். நான் இரண்டாவது முடிச்சைப் போட்டேன். மூன்றாவதை என் அக்கா போடும்போதுதான் சுருதி சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் காமினி தலை குனிந்தாள்.