வெள்ளைத் துணிக்காக மூடிய ஜன்னல்கள்

என் அம்மாவின் தங்கையை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் மோப்பச் சித்தி என்றுதான் சொல்வார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அங்கே பால் பொங்கி வழிந்ததையும், குழந்தைக்கு நெஞ்சில் தைலம் தடவியதையும், மாமா மாடிக்குப் போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்ததையும் சொல்லிவிடுவாள். மாமா பல் தேய்த்துவிட்டு வந்து நின்றாலும் தப்பியதில்லை. இவளைப் போலீசில் சேர்த்துவிட்டிருந்தால் அவர்களுக்கு நாய் வளர்க்கிற செலவு மிச்சம் என்பார் மாமா. அதற்கு முதலில் சிரிப்பவள் சித்திதான்.

அவள் தொழில் பூத்தையல். எல்லாம் கைவேலை, அதிலும் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். பிறக்கப்போகும் குழந்தைக்குச் சட்டை, தொட்டில் போர்வை, தலையணை உறை, மேஜை விரிப்பு. தள்ளி நின்று பார்த்தால் வெறும் துணி. கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தால் இலையும் மொட்டும் எழும்பி வரும். இந்த வேலைக்கு எதிரி தூசி. அதை விட்டால் சமையல் வாடை. முடித்த துணியைக் கொடுப்பதற்கு முன் முகத்தில் வைத்து ஓர் இழுப்பு இழுப்பாள். வெங்காய வாடை துளி இருந்தாலும் துணி மறுபடி தண்ணீருக்குப் போகும். பச்சைக் குழந்தை உடம்பில் படுகிற துணி, முதல் வாசனை சமையலறையாகவா இருக்க வேண்டும் என்பாள்.

சித்தப்பா ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு வீடாக்கினார். பின்பக்கம் படுக்கை, அதன் கீழே பெட்டிகள். ஒரு பக்கம் மடக்கு மேஜை, எதிர்ப்பக்கம் தகரம் அடித்த மேடையில் ஒற்றை அடுப்பு, அதற்கடியில் சின்ன சிலிண்டர். ஜன்னல் சட்டங்களில் பிள்ளைகள் ஆணியால் கீறிய பெயர்கள் அப்படியே இருந்தன. சித்தப்பா சாயம் அடிக்கப் போனபோது சித்தி விடவில்லை. பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒரு பள்ளிக்கூடமே வந்திருக்கிறது, இருக்கட்டும் என்றாளாம். அதன்பிறகு வருஷத்தில் பாதி நாள் ரோட்டில்தான். ஊர் ஊராகப் போவார்கள். தைத்ததைக் கேட்டவர்களிடம் கொடுத்துவிட்டு, அங்கேயே அடுத்த வேலையை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள்.

படிப்பு முடிந்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு நான் காத்திருந்த சமயத்தில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் சளிக்கு என்ன மாத்திரை என்பதிலிருந்து வண்டிக்கு எந்த ஆயில் என்பதுவரை என்னைத்தான் கேட்பார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு இன்னும் நாக்கு வளையவில்லை.

காலையில் வண்டி ஓடும். வெயில் ஏறும்போது ஒரு மரமோ சுவரோ பார்த்து நிற்கும். சித்தி உடனே ஜன்னல்களை மூடிவிடுவாள். காற்று வந்தால் அடுப்பு அணையும், தூசி வந்தால் துணி கெடும். குக்கரில் அரிசியும் பயறும் சேர்த்து வைப்பாள், இல்லையென்றால் உருளைக்கிழங்கு வேகப்போடுவாள். வேகிற நேரத்துக்கு மடக்கு மேஜையில் வளையத்தை எடுத்துக்கொண்டு உட்காருவாள். துணியை முரசு மாதிரி இழுத்துப் பிடிக்கிற மரவளையம் அது. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும் என்பதால் அடுப்புக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார முடியும். சித்தப்பா முன் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு, வாசமே பசியைக் கிளப்புகிறது என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். அவர் பின்னால் வந்தால், டீசல் வாடை தாங்கவில்லை, சட்டையை மாற்றுங்கள் என்று இவள் விரட்டுவாள். மோப்பச் சித்தி மாறவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் முட்டை உடைத்தாள். நான் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஓடு விரிசல் விட்டதுமே அழுகல் நாற்றம் அடித்தது. சித்தி முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அதை வாணலியில் ஊற்றி, உப்புத் தூவி, கரண்டியால் கிளற ஆரம்பித்தாள். நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியதைப் பார்த்த பிறகுதான் கரண்டி நின்றது.

"கெட்டதா?" என்று கேட்டாள்.

அதுவரை அவள் முடித்த துணிகளை என்னிடம் நீட்டி, உன் மூக்கு எப்படி என்று பார்ப்போம் என்று விளையாட்டாகச் சொன்னதெல்லாம் எனக்கு அப்போது வேறு மாதிரி தெரிந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் சித்தப்பாவும் ஒரே காய்ச்சலில் கிடந்தார்கள். காய்ச்சல் போனது, சித்தியின் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. சுத்தமாக ஒன்றும் தெரியாது, கற்பூரத்தை வைத்து இழுத்தாலும் குளிர் மட்டும்தான் தெரிகிறது என்றாள். சித்தப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுப்பு இருக்கிற வண்டியில் மூக்கில்லாதவளை வைத்துக்கொண்டு சுற்ற மாட்டேன் என்று மறுநாளே வண்டியை விற்றுவிடுவார். பிறகு பழைய வீட்டின் சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் ஊசி பிடிக்க வேண்டும்.

நான் சிலிண்டரைப் பார்த்தேன். என் கண் போன இடத்தை அவளும் பார்த்தாள்.

"அதுக்குத்தான் உங்க சித்தப்பா இருக்காரே. எப்பவும் கூடவே இருக்காரு. அவரு மூக்கு நல்லாத்தானே இருக்கு? நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடி."

சும்மாதான் இருந்தேன். ஆனால் அன்றிலிருந்து அந்த வண்டியில் என்னால் நிம்மதியாக மூச்சுவிட முடியவில்லை. அடுப்புப் பற்றும் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பினேன். சித்தப்பா வெளியே கால் வைத்தால், எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். ஜன்னலை அரை விரல் திறந்து வைப்பேன். துணியைப் பார், தூசியைப் பார் என்று சித்தி மூடுவாள். அவரிடம் சொல்லிவிடலாமா என்று தோன்றும். சொன்னால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றும் தோன்றும். அவர் இருக்கிறார் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஒரு பெட்ரோல் பங்க் தாண்டி, மூடிக்கிடந்த கிடங்கு ஒன்றின் நிழலில் வண்டி நின்ற நாளில் அந்த ஆறுதலும் போனது. கிழங்கு அடுப்பில் இருந்தது. தண்ணீர் பிடிக்க நான் கேனை எடுத்துக்கொண்டு போனேன். குழாயில் ஆள் இருந்ததால் கொஞ்சம் தாமதம். திரும்பி வந்து கதவை இழுத்தேன். காஸ் முகத்தில் அறைந்தது.

கிழங்குத் தண்ணீர் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. திருகு திறந்தபடியே இருந்தது. சித்தி முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மொட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பா முன் இருக்கையில், மூடிய கண்ணாடிக்குப் பக்கத்தில், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தூங்கவில்லை. பக்கத்தைப் புரட்டினார். கொதிக்கிற சத்தம் நின்றதைச் சித்தி அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும். ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து, தீப்பெட்டியை எடுத்தாள்.

கேனைப் போட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். கத்தவில்லை. கத்தினால் அவள் பயந்து குச்சியை உரசிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

"சித்தி, அதைக் கீழ வை. வெளிய வா. சித்தப்பா, சாவியைத் தொடாதீங்க. இறங்குங்க."

"என்னம்மா ஆச்சு?" என்றார் சித்தப்பா. உண்மையாகவே கேட்டார்.

திருகை மூடினேன், எல்லா ஜன்னலையும் கதவையும் திறந்தேன். மூவரும் கிடங்குச் சுவர் ஓரமாகப் போய் நின்றோம். சித்தியின் கையில் தீப்பெட்டி இன்னும் இருந்தது. விரல்களைப் பிரித்து நான்தான் வாங்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்களுக்குத் தெரியலையா?"

"உனக்குத் தெரியலையா?"

"எனக்குக் காய்ச்சலுக்கு அப்புறம் எதுவும் தெரியறதில்ல."

சித்தப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும்தான்" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பசியைக் கிளப்புகிற வாசம் என்று அவர் சொன்னதெல்லாம் குக்கர் விசிலைக் கேட்டுச் சொன்னது. டீசல் வாடை என்று இவள் விரட்டியதெல்லாம் சட்டைக் கையில் கறையைப் பார்த்து விரட்டியது. அவர் பாராட்டியதால் அவருக்கு மூக்கு இருக்கிறது என்று இவள் நம்பினாள். இவள் விரட்டியதால் இவளுக்கு இருக்கிறது என்று அவர் நம்பினார். தன் மூக்கு போனது தெரிந்தால் பயத்தில் சித்தி வண்டியில் ஏறவே மாட்டாள் என்று அவர் மறைத்திருக்கிறார்.

"மோப்பச் சித்தி கூட இருக்கா, எனக்கென்ன கேடுன்னு இருந்தேன்மா. குருடனும் குருடனும் கோர்த்த கையை விடாம நடந்திருக்கோம்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

ரெண்டு வருஷம். அத்தனை மதியங்களிலும் அந்த ஜன்னல்கள் மூடியிருந்திருக்கின்றன.

வண்டியை விற்றுவிடுங்கள் என்று கெஞ்சினேன். சித்தி ஒரேயடியாக மறுத்தாள். வீட்டில் மட்டும் அடுப்பு இல்லையா, அங்கே மட்டும் எங்களுக்கு மூக்கு முளைக்குமா என்று கேட்டாள். அடுத்து வந்த ஊரில் காஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றை வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினோம். அடுப்பை வெளியே ஸ்டூலில் வைத்துச் சமைக்க ஆரம்பித்தார்கள். கருவி வேலை செய்கிறதா என்று சித்தப்பா அடிக்கடி பொத்தானை அழுத்திப் பார்ப்பார். அது கத்தும். இதுவாவது உங்களைவிட நல்லா பேசுது என்பாள் சித்தி. சிரிப்பும் பழையபடி வந்துவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை. அந்தக் கருவிக்குக் காஸ் ஒன்றுதான் தெரியும்.

இதற்குள் எனக்கு நேர்காணலுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. கூட இல்லாமல் போகிறேனே என்று குறுகுறுத்தது. கூடவே இருந்தால் மட்டும் எத்தனை காலம் இருப்பேன் என்றும் கேட்டுக்கொண்டேன். எங்களுக்கு மூக்காக இருக்கவா உங்க அம்மா உன்னைப் படிக்க வைத்தாள், போய்ச் சேர் என்று சித்தி பையைத் தூக்கிக் கொடுத்தாள். நாற்சந்தியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்டார்கள்.

சித்தப்பா வண்டியைக் கிளப்பினார். அது நகர்ந்து என்னைத் தாண்டும்போது ஏதோ கருகுகிற வாடை. ரப்பர் மாதிரி, ஒயர் மாதிரி. உடனே சித்திக்குப் போன் செய்தேன். வண்டி கொஞ்ச தூரத்தில் ஓரங்கட்டி நின்றது. ஓடினேன். சித்தப்பா என்ஜின் மூடியைத் திறந்தார், குனிந்து சக்கரங்களைப் பார்த்தார், ஒயர்களைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சூடாக இல்லை. என்னை மோந்து பார்க்கச் சொன்னார். குனிந்து இழுத்தேன். எண்ணெய் வாடை, தார் வாடை, அதோடு அந்தக் கருகலும் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை. எங்களைத் தாண்டிச் சரக்கு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் யாரோ குப்பையும் கொளுத்தியிருந்தார்கள்.

"நம்ம வண்டிதானாம்மா? படிச்ச பொண்ணு, நல்லா யோசிச்சுச் சொல்லு."

"தெரியல, சித்தப்பா."

"அப்ப அந்தக் குப்பையாத்தான் இருக்கும்" என்று மூடியை அடைத்தார்.

சித்தி ஜன்னல் வழியாக என் கன்னத்தைத் தட்டினாள். மடியில் வளையம் இருந்தது. யாருடைய குழந்தைக்கோ ஒரு தொப்பி, பாதி இலை முடிந்திருந்தது. "இப்படிப் பயந்தா எப்படிடி பொழைக்கிறது? பஸ் வந்துடப் போகுது, போ" என்றாள். ரோட்டோரத் தூசி உள்ளே வருகிறது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

வண்டி போயிற்று. நான் நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தேன். எதிர்ப்பக்கக் குப்பை இன்னும் புகைந்துகொண்டிருந்தது, புகை நேராக என் பக்கம்தான் வந்தது. நின்று, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தேன். காகிதமும் சருகும் எரிகிற வாடை. அவ்வளவுதான். ரப்பர் இல்லை, ஒயர் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். வண்டி வளைவில் மறைந்திருந்தது. மறுபடி சித்திக்குப் போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.