பயந்தாங்கொள்ளி போட்ட பாதை

அபிஷேகப்பாக்கத்தில் ஜெயசுதாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தேடினாலும் கிடைக்காது. ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடமாட்டாள். தெருநாய் கொட்டாவி விட்டால்கூட எதிர்ப்பக்கம் போய்விடுவாள். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவருக்கும் சேர்த்து இவள் காலால் பிரேக் போடுவாள். இப்படிப்பட்டவள்தான் டவுனிலிருந்து சைக்கிளில் வருகிறவர்களுக்கு ஏரிக்கரையிலும் கழனிக்காட்டிலும் பாதை போட்டுக் கொடுக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்?

நம்பித்தான் ஆகவேண்டும். அவளுக்கு அரியாங்குப்பத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் நாய் துரத்தும் என்று, அகல டயர் போட்ட பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினாள். தார் ரோட்டில் போனால் லாரி வரும் என்று மண் ரோட்டில் இறங்கினாள். அந்தப் பயத்திலேயே பாகூர் ஏரி வரைக்கும் எந்தக் கிராவல் ரோடு எந்த வண்டித்தடத்தில் போய் முட்டும் என்பது அவளுக்குப் பாடமாகிவிட்டது.

கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த விமல் என்கிற காலேஜ் வாத்தியார் இதைக் கேட்டுவிட்டுத் தன் சைக்கிள் கூட்டாளிகளை அழைத்து வந்தான். அதிலிருந்து ஞாயிறுதோறும் ஜெயசுதா செல்போன் வரைபடத்தில் ஒரு நீலக்கோடு போட்டு அனுப்புவாள். அவர்கள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கோடு போடும் முன்னால் அவளே ஒருமுறை முழுசாக ஓட்டிப் பார்த்துவிடுவாள். எங்கே மூடாத கிணறு, எங்கே பாம்புப் புற்று, எந்த வீட்டு நாய்க்குச் சைக்கிள் ஆகாது என்று எல்லாவற்றையும் எழுதி அனுப்புவாள். ஓட்டும்போது யாரும் போனை எடுக்கக்கூடாது என்று சட்டமும் போட்டிருந்தாள்.

கூட்டம் அவளைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. "அக்கா இன்னும் ஆபத்து லிஸ்ட் போடலியே, எத்தக் கண்டு பயப்படறதுன்னே தெரியல" என்பான் விமல். அவள் பின்னாலிருந்து "பாத்து, பாத்து" என்று கத்தினால் முன்னால் போகிறவர்கள் திரும்பாமலே கையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

அது சித்திரை மாதம். வெயிலுக்குப் பயந்து, வெளுக்கும் முன்பே கிளம்புவது என்று முடிவு செய்திருந்தார்கள். அன்றைய கோடு ஜெயசுதாவின் சொந்தக் கழனியை ஒட்டிப் போனது. ஓரிடத்தில் வாய்க்கால் தண்ணீர் வழிந்து வரப்பு சொதசொதவென்று கிடக்கும். சறுக்கி விழுந்து யாராவது பல்லை உடைத்துக்கொள்ளப் போகிறார்களே என்று, 'இங்கே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகவும்' என்று எழுதியிருந்தாள்.

ஏரிக்கரையில் கீர்த்தி என்கிற பெண்ணின் சைக்கிள் பஞ்சர் ஆனது. மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு ஜெயசுதா அவளோடு நின்றாள். டியூபைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஜெயசுதாவின் புருஷன் நடேசனிடமிருந்து போன் வந்தது. அவன் கல்யாணத்துக்காக முந்தின நாளே வில்லியனூர் போயிருந்தான். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"எங்கடி சுத்தினு இருக்க? உடனே போயி மோட்டார் கொட்டாய்ல மெயினை ஆஃப் பண்ணு. பாக்யராஜை நிறுத்தச் சொல்லியிருந்தேன். போனை எடுக்க மாட்றான்."

"எதுக்குங்க?"

நடேசன் கொஞ்சம் இழுத்தான். "எலிக்கு கரண்ட் வுட்டுருக்கேன். வரப்புல கால் வெச்சுடாத."

கழனிக்கு மின்கம்பி இழுப்பது குற்றம் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் சிலர் இழுக்கத்தான் செய்கிறார்கள். இழுப்பவன் அக்கம்பக்கத்துக் கழனிக்காரர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுவான். விடிகிறவரை அவர்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். நடேசனும் எல்லாரிடமும் சொல்லியிருந்தான், பெண்டாட்டியைத் தவிர. சொன்னால் அவள் தூங்கமாட்டாள் என்பது அவன் கணக்கு. டவுன் ஆட்கள் சைக்கிளில் வருவார்கள் என்பது அவன் கணக்கிலேயே இல்லை.

அவள் விமலைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தானே! தூரத்தில் அவர்களுடைய விளக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. "நில்லுங்க! விமலு, நில்லுப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். எதிர்க்காற்றில் அது பாதிதான் போயிருக்கும். ஒரு விளக்கு இப்படியும் அப்படியும் ஆடியது. யாரோ வழக்கம்போல அவளுக்குக் கையாட்டுகிறார்கள்!

"கீர்த்தி, இங்கயே நில்லு, நவராத!" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள். கோடு ஏரியை வளைத்துக்கொண்டு போகிறது. கரும்புக்கு நடுவே குறுக்குத்தடம் ஒன்று நேராக மோட்டார் கொட்டாய்க்குப் போகும். பாம்புக்குப் பயந்து அவள் ஒருநாளும் அதில் போனதில்லை. இன்று போனாள். கரும்புத் தோகை முகத்தைக் கிழித்தது. டயரில் ஓட்டிப் போனாலாவது பிழைக்க வழி உண்டு, ஈரத்தில் காலை வைத்தால் முடிந்தது என்று மனசு அடித்துக்கொண்டது. இறங்கித் தள்ளச் சொன்னதே நான்தானே, என் கையால்தானே எழுதினேன் என்று அழுதுகொண்டே மிதித்தாள்.

கொட்டாய் பூட்டியிருந்தது. சாவி கழனி வேலையாள் பாக்யராஜிடம். ஜன்னல் வழியாக இரண்டு கம்பிகள் வெளியே வந்தன. எது எலிக்கு, எது மோட்டாருக்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வரப்பின் அந்தக் கோடியில் முதல் விளக்கு நின்றது. விமல் இறங்குகிறான். எழுதியதை ஒழுங்காகப் படித்திருக்கிறான், பாவி!

சுவரில் சாத்தியிருந்த காய்ந்த சவுக்குக் கழியை எடுத்து, இரண்டு கம்பிகளுக்கும் அடியில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மொத்த பலத்தையும் போட்டு இழுத்தாள். படீரென்று நீலமாக ஒரு பொறி பறந்தது. ஒரு கம்பி கழியோடு வந்துவிட்டது. இன்னொன்று வரவில்லை.

வந்தது எதுவென்று பார்க்க நேரமில்லை. விமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஈரத்தில் காலை வைத்துவிட்டான். கத்த வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. அவன் ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி வைத்தான். தடுக்கிக் குனிந்தான். ஜெயசுதாவின் உயிர் அந்த இடத்தில் போய்விட்டு வந்தது.

"அக்கா, நீங்க எப்படி முன்னாடி வந்தீங்க?" என்றான் நிமிர்ந்து. "இது இன்னாக்கா, கால்ல கம்பி மாட்டுது?"

அவள் கழியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கரண்ட்டு கம்பிப்பா" என்றாள். "எங்க வூட்டுதுதான்."

அன்று யாரும் அவளைக் கிண்டல் செய்யவில்லை. வந்த வழியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள்.

விஷயம் தெரிந்து நடேசன் கல்யாணச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் வந்து சேர்ந்தான். வாசலில் நுழையும்போதே, "அதான் ஒண்ணும் ஆவலியே, வுடு. நீ பயப்படுவன்னுதான் சொல்லல" என்றான்.

"எத்தினி நாளா கம்பி போட்டுனு இருக்கீங்க?"

"கதிர் பால் புடிச்சதுலேருந்து. ராத்திரி போட்டா விடிஞ்சதும் எடுத்துடுவோம். ஏன்?"

"வெள்ளிக்கெழம நான் அந்த வழியாத்தான் ரூட்டு பாக்கப் போனேன். இருட்டு பிரியல. அந்த ஈரத்துல எறங்கித் தள்ளினுதான் போனேன்."

நடேசன் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். அந்த வெள்ளிக்கிழமை அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நடுராத்திரியில் போன மின்சாரம் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. எலி பாத்தி பாத்தியாக வெட்டிப் போட்டிருந்ததைப் பார்த்து, கரண்ட்டை நிறுத்தியவனை அவன் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தான்.

"அன்னிக்கு கரண்ட் இல்ல, சுதா" என்றான்.

கல்யாண வேட்டியைக்கூட மாற்றாமல் அவளோடு கழனிக்குப் போனான். பாக்யராஜ் மெயினை நிறுத்திவிட்டிருந்தான். கம்பி புல்லில் சும்மா கிடந்தது. அதைச் சுற்றி எடுக்க நடேசன் இரண்டு முறை குனிந்தான். இரண்டு முறையும் தொடாமலே நிமிர்ந்துவிட்டான். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை.