எட்டாவது எழுத்து

அந்த அட்டையை நான் பார்த்தேன். பார்த்தபின் ஒளித்தேன். தவறவிட்டுவிட்டேன் என்றுதான் எஸ்தர் அக்கா இன்றுவரை நம்புகிறாள். இல்லை!

நீங்கள் என்னை முன்பின் அறியாதவர். அதனால்தான் உங்களிடம் சொல்ல வாய் வருகிறது...

பல்கலைக்கழக ஆய்வகத்தில் எஸ்தர் அக்கா எனக்கு மூன்று வருஷம் மூத்தவள். புளியங்குடிக்காரி. தட்டைப்பயற்றிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து, அதன் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் படித்திருந்தாள். கண்ணிக்கு ஓர் எழுத்து. நான்கு வருஷ உழைப்பும் ஒரே வரி. அந்த வரி புதியது என்பதுதான் அவள் ஆய்வேட்டின் உயிர்.

புதியதுதானா என்று தேட எங்களுக்குக் கம்ப்யூட்டர் ஏது? நூலகத்துத் தடித்த தொகுப்பிலிருந்து, ஏற்கெனவே வெளியான வரிகளைப் புரதத்துக்கு ஓர் அட்டையாக நான் எழுதி வைத்திருந்தேன். ஆடித்தபசு விடுமுறைக்குச் சங்கரன்கோவில் வரும்போது இரண்டு பெட்டி அட்டைகளையும் தூக்கி வந்தேன். ஒரே நாளில் தேடித் தருகிறேன் என்று அக்காவிடம் வீறாப்பாகச் சொல்லியும் இருந்தேன்.

வீட்டுக் கூடமெல்லாம் அட்டை. காற்றில் பறக்குமே என்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தினேன். அம்மா வியர்வையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, படிக்கியா, சீட்டாடுதியா?"

முதல் எழுத்தை வைத்து அகராதிபோல் அடுக்கினேன். அக்காவின் வரி எந்த எழுத்தில் தொடங்கியதோ, அந்தக் கட்டை மட்டும் பிரித்துப் பார்த்தேன். அதில் இல்லை. என்ன வேகம் என் கைகளுக்கு!

மறுநாள் அக்கா ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள்.

"ஒண்ணுகூட இல்லக்கா. புதுசுதான்."

"எல்லாத்தையும் பாத்தியாலே?"

"பாத்துட்டேன்."

பையை என் கையில் திணித்துவிட்டு, சிரித்துக்கொண்டே அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். வேறொரு பயற்றின் அட்டை கண்ணில் பட்டது. அதன் எட்டாவது எழுத்திலிருந்து அக்காவின் வரி ஓடிக்கொண்டிருந்தது... இரண்டே எழுத்துதான் வேற்றுமை. ஒரு சங்கிலி இன்னொன்றின் நடுவிலிருந்தும் பொருந்தலாம். இது எனக்குத் தெரியாதா? ஜூனியர்களுக்கு நானே விளக்கியிருக்கிறேனே!

மறுநாள் காலையில் புளியங்குடிக்குப் பஸ் ஏறியிருக்கலாம். ஏன் ஏறவில்லை? கெட்டிக்காரன், கை வேகம் என்று ஆய்வகத்தில் எனக்கிருந்த பேர் போய்விடுமே என்றுதான். அவ்வளவு அற்பமான காரணம்! அட்டையைக் கட்டிலிருந்து உருவி ஒரு நோட்டுக்குள் வைத்தேன்.

அக்காவின் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்தப் பயற்றின் வரியைக் கரும்பலகையில் எழுதினார். அதற்கு நேர்கீழே, எட்டாம் இடத்தில் தொடங்கி, அக்காவின் வரியை எழுதினார். பிறகு திரும்பி, பழைய பதிவுகளைத் தேடியது யார் என்று கேட்டார்.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்திருக்கவில்லை.

"நாந்தான் சார் தேடுனேன்" என்றாள் அக்கா.

வேறு வேலை செய்து மறுபடி எழுதி வரச் சொன்னார்கள். அவள் வீட்டில் படிப்புக்குக் கொடுத்திருந்த கெடுவோ அந்த மாதத்தோடு முடிந்தது. வராந்தாவில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அவசரத்துல கண்ணுல படாமப் போயிருக்கும். விடுலே சங்கரு. நானும் ஒருக்கா பாத்திருக்கணும்."

நான் தலையாட்டினேன்... ஆமாம், தலையாட்டினேன்! அவள் மன்னித்தது என் அவசரத்தை. ஒளித்ததை அவள் அறியவே இல்லை. அறிந்தும் அப்படிச் சொன்னாளோ என்று சில சமயம் தோன்றும். அது இன்னும் பயங்கரம்.

அக்கா ஊரோடு போய்விட்டாள். நான் இப்போது என் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். தேடல் கச்சிதம் என்று பாராட்டுகிறார்கள்.

போன வாரம் ஊருக்கு வந்தபோது, அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புளியங்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து எங்கே போகவேண்டும் என்று கேட்டார். சுலபமான கேள்விதான்...

இறங்கிவிட்டேன்.