இறக்கை முளைத்த ஓட்டு

எங்கள் பள்ளிக்கூடத்தில் மாணவர் தலைவரைத் தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சமூக அறிவியல் டீச்சர் முடிவு செய்த ஆண்டு, நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அதுவரை தலைமையாசிரியர் கை காட்டியவர்தான் தலைவர். ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டிருந்த காலம். மூடுபனி சன்னல் வழியாக வகுப்புக்குள் வந்து, வருகைப் பதிவில் பெயர் இல்லாத மாணவியைப் போலக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து இருவர் நின்றார்கள். ஒருத்தி என் அக்கா, குடைச் சின்னம். மற்றவள் தலைச்சோலை என்ற ஊர்ப் பெண், மணிச் சின்னம். அக்கா புது வாலிபால் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னாள். மற்றவளோ, பஸ் தாமதமானால் அதில் வருகிறவர்களை வெளியே நிறுத்தக் கூடாது என்று கேட்கப்போவதாகச் சொன்னாள்.

என் பக்கத்தில் உட்காரும் தோழி மஞ்சக்குட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வாரத்தில் இரண்டு நாளாவது முதல் பீரியடு முழுக்க கேட்டுக்கு வெளியே நிற்பாள். பிறகு வந்து உட்காரும்போது அவள் பாவாடையிலிருந்து சொட்டும் நீர் என் காலை நனைக்கும்.

“சொந்தம், சிநேகிதம்னு பாக்கக் கூடாது கண்ணுகளா. யோசிச்சுப் போடோணும்” என்று டீச்சர் மூன்று நாளும் சொன்னார். காபித் தோட்டத்து வேலை முடிந்து வீடு திரும்பிய அம்மா, “அக்காளுக்குத்தானே சாமி போடுவே?” என்றாள். இரண்டு பேருக்குமே தலையாட்டினேன். இரண்டு பேர் சொன்னபடியும் நடந்துவிடலாம் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன்.

நூலக மூலையில் பச்சைத் திரை கட்டி, அதன் பின்னால் ஒரு மேசை போட்டிருந்தார்கள். திரைக்குள் நுழைந்ததும் சத்தமெல்லாம் தூரப் போய்விட்டது. பனிக்குள் நிற்பதுபோல இருந்தது. அக்கா இல்லை, அம்மா இல்லை, நானும் ஒரு துண்டுச் சீட்டும் மட்டும். பேனா மணிக்கு எதிரே போய் டிக் அடித்தது. அத்தோடு விட்டிருக்கலாம். என் நோட்டில் எங்கே டிக் விழுந்தாலும் அதற்கு இறக்கையும் அலகும் வரைந்து குருவியாக்குவது என் வழக்கம். கை தன்பாட்டில் வரைந்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

மாலையில் எல்லோர் முன்னிலையிலும் எண்ணினார்கள். நடுவில் குருவி வந்தது. கூட்டமே சிரித்தது. “டிக் மட்டுந்தான்னு சொன்னேனே” என்று டீச்சர் அதைத் தனியாக வைத்தார். கடைசியில் பார்த்தால் இருவருக்கும் சமமான ஓட்டு. குலுக்கிப் போட டீச்சர் இரண்டு சீட்டு எழுதத் தொடங்கினார்.

அப்போதுதான் அக்கா, ஒதுக்கிவைத்த சீட்டைக் கேட்டு வாங்கினாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டில் அந்தக் குருவி உட்காராத நோட்டே கிடையாது. என் காது இரண்டும் கொதித்தன.

“யாருக்குன்னு நல்லாத் தெரியுதுங்களே டீச்சர். இது செல்லுமுங்க” என்றாள்.

ஒரே ஓட்டில் தோற்றாள்.

வீடு திரும்பும்போது பனியில் பாதை தெரியவில்லை. அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். ஒண்டிக்கடை முக்கைத் தாண்டியதும் நானே கேட்டேன்.

“கோவமா அக்கா?”

“தோத்தது நொம்ப வருத்தமாத்தான் இருக்குது” என்றாள். “அதுக்காக விழுந்த ஓட்டை விழலைன்னு சொல்ல முடியுமா?”

தங்கச்சியின் ஓட்டு வீணாகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தாள் என்று நினைத்து, அவள் கையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அதன்பின் பல வருடம், அவள் என்மேல் வைத்த பாசத்துக்கு அடையாளமாகவே அதைச் சொல்லி வந்தேன். முன்பின் தெரியாத ஒருத்தியின் சீட்டாக இருந்திருந்தாலும் அவள் அதையேதான் சொல்லியிருப்பாள் என்பது, அவள் கையைப் பிடித்து நடந்த அந்தச் சிறுமிக்குத் தெரியாது.